ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள்

நூலகர் உத்தியோகம் என்றால் புத்தகங்களைப் பூட்டிவைத்துக் காக்கும் காவல் வேலை என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. ஒரு நூல் எந்தப் பெயரின் கீழ்ப் பதிவாகிறது, எந்த எண்ணைப் பெற்று எந்த வரிசையில் நிற்கிறது, கேட்டு வந்தவருக்கு எதை முதலில் எடுத்துக் கொடுக்கிறோம் என்னும் சின்னஞ்சிறு தீர்மானங்களால், ஓர் ஊர் எதை வாசிக்கும், எதை வாசிக்காமலே மறக்கும் என்பதில் பெரும்பகுதியை நிர்ணயிக்கும் பொறுப்பு அந்த உத்தியோகத்துக்கு உண்டு என்பதை, அதிலேயே தலை நரைத்த நான் நிச்சயமாகச் சொல்வேன். பெண்கள் எழுதிய நூல்களைத் தேடிச் சேர்த்ததும், அவற்றைப் பற்றி வாசகர்களோடு கூடியிருந்து பேசியதுமே என் உத்தியோக வாழ்வில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த பகுதி. அந்நூல்கள் ஒருநாளும் இல்லாமல் போகவில்லை. அவற்றுக்கு உரிய இடமும் உரிய பேச்சுமே இல்லாமல் போயின என்பது அந்த அனுபவத்தில் எனக்குத் தெளிவான உண்மை.

நான் பணி செய்தது மாயூரத்தையடுத்த ஒரு சிறு நகரத்தின் கிளை நூலகம். நூலகவியலின் தந்தை என்று நாம் போற்றும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892ல் பிறந்த சீர்காழி எங்களுக்கு அண்மையிலேயே இருந்தது. அவருடைய முயற்சியின் பலனாக 1948ல் பிறந்த சென்னைப் பொது நூலகச் சட்டமே எங்கள் கிளைக்கும் அஸ்திவாரம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரும் கிடைக்க வேண்டும் என்று அவர் 1931ல் வகுத்த விதிகளைப் பயிற்சிக் காலத்தில் நெட்டுருப் போட்டிருந்தோமேயொழிய, பின்னதன் ஆழம் எனக்கு விளங்கியது எழுபதுகளின் இறுதியில் இரவல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான்.

அந்நாளில் எங்கள் இரவல் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த எவரும், லக்ஷ்மியின் நாவல்களை விரும்பிப் படிப்போர் அனைவரும் ஆண்கள் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். உறுப்பினர் சீட்டு கணவர் பெயரில் இருக்கும். அல்லது கல்லூரியில் படிக்கும் தம்பி பெயரில் இருக்கும். மாலையில் கடைத்தெருவுக்கு வரும் அந்தத் தம்பி, சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டுவான். அதில் உருண்டை உருண்டையான எழுத்தில் மூன்று நாவல்களின் பெயர்கள் இருக்கும். “இவற்றுள் எது இருந்தாலும் சரி, படித்ததையே மறுபடி அனுப்ப வேண்டாம்” என்று அடியில் ஒரு குறிப்பும் இருக்கும். எழுதியவள் பெயர் அந்தக் காகிதத்திலும் இராது. ஆசிரியரும் பெண், வாசகரும் பெண். இருவருக்கும் இடையில் நடந்த அந்தப் பரிமாற்றத்துக்கு அரசாங்கப் பதிவேட்டில் ஒரு சுவடும் இல்லை என்பது என்னை வெகுவாக உறுத்தியது. ஆகவே, அந்தத் துண்டுக் காகிதத்தின் பின்புறத்திலேயே, “நீங்கள் ஒருநாள் நேரில் வாருங்கள், காலை பதினோரு மணிக்கு மேல் கூட்டம் இராது” என்று எழுதியனுப்பும் வழக்கத்தை நான் மேற்கொண்டேன். மெல்ல மெல்ல அவர்கள் வந்தார்கள்; வந்தவர்கள் தங்கள் பெயரிலேயே சீட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. வாரப் பத்திரிகைகளில் வெளிவந்த தொடர்கதைகளை அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்புகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு தொகுப்பை என் மேஜைமேல் வைத்து நிதானமாகப் புரட்டிய பிற்பகல் இன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓர் அத்தியாயத்தின் முடிவில் வேறொரு கதையின் வால், பக்கத்தின் ஓரத்தில் தலைவலித் தைலத்தின் விளம்பரம், கிடைக்காமல் போன ஓர் இதழுக்குப் பதிலாக, அந்த அத்தியாயம் முழுவதையும் யாரிடமோ இரவல் வாங்கிப் பென்சிலால் நகலெடுத்துச் செருகிய நோட்டுத் தாள்கள். தாயிடமிருந்து மகளுக்குச் சீரோடு சீராக வந்து, இரண்டு வீடுகளின் பரணிலும் இருந்து மீண்ட அந்தத் தொகுப்பில் தலைப்புப் பக்கமே இல்லை. ஆதலால் விதிப்படி அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வழியில்லை. பத்திரிகைகளும் பதிப்பகங்களும் பேணத் தவறியதையெல்லாம் வீட்டுப் பெண்கள் பேணி வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925ல் ஏற்று நடத்திய ‘ஜகன்மோகினி’யின் பழைய இதழ்கள் சிலவற்றை நான் முதன்முதலில் கையில் தொட்டதும் இத்தகைய ஒரு பரண் மூட்டையில்தான். எழுதப் பழகாத காலத்திலேயே தம் முதல் நாடகத்தை வாயால் சொல்லித் தோழியை எழுதவைத்து, பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைப் படைத்த அந்த அம்மையாரின் நூல் ஒன்றுகூட அப்போது எங்கள் கிளையில் இல்லை.

இனி, என் தொழிலின் நுட்பம் சார்ந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையில் இலக்கியத்துக்கு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து, தமிழுக்கு 31, நாவலுக்கு 3. அதற்கடுத்து ஆசிரியரைக் குறிக்க அவர் பிறந்த ஆண்டை எழுத வேண்டும். இருபதாம் நூற்றாண்டுக்கு ‘என்’ என்ற எழுத்து, அதனோடு ஆண்டின் கடைசி இரண்டு எண்கள். சிறிய நூலகங்களில் இவ்வளவு நுட்பம் அவசியமில்லை என்று விட்டுவிடுவதுண்டு. தமிழ் நாவல் அலமாரிக்கு மட்டுமாவது அதை முழுமையாகக் கைக்கொள்ள வேண்டுமென்று நான் நிச்சயித்தேன். ஆண் எழுத்தாளர்களின் பிறந்த ஆண்டு பெரும்பாலும் நூலின் பின்னட்டையிலோ, இலக்கிய வரலாறுகளிலோ, மணிமலர்களிலோ கிடைத்துவிட்டது. பெண் எழுத்தாளர்கள் விஷயத்தில் கணவரின் உத்தியோகமும் புகுந்த ஊரும் குறிப்பிடப்பட்டிருந்தனவேயன்றி, அவர்கள் பிறந்த ஆண்டு எங்கும் அகப்படவில்லை. பதில் கார்டு இணைத்துப் பதிப்பகங்களுக்கு எழுதினேன். பலரிடமிருந்து மறுமொழியே இல்லை. ஒருவர், பெண்மணிகளின் வயதை விசாரிப்பது மரியாதையாகாது என்று எனக்குப் புத்திமதி எழுதியிருந்தார். வயதைச் சொல்லாமல் விடுவதை மரியாதை என்று அவர் கருதினார். சரித்திரத்தில் அவர்களுக்குரிய இடத்தைத் தராமல் விடுவதாகவே நான் அதைக் கண்டேன்.

புனைபெயர்கள் மற்றொரு பிரயாசை. லக்ஷ்மியின் இயற்பெயர் திரிபுரசுந்தரி. அநுத்தமாவின் பெயர் ராஜேஸ்வரி. ஸ்ரீரங்கத்துக் குமுதினி ரங்கநாயகி. ‘வாசவேச்வரம்’ எழுதிய கிருத்திகா மதுரம் பூதலிங்கம். அம்பையின் இயற்பெயரோ சி. எஸ். லக்ஷ்மி, ஆகவே முன்னவரான டாக்டர் லக்ஷ்மியின் நூல்களோடு இவருடைய ஆராய்ச்சி நூல் கலந்துவிடாதபடி காத்தாக வேண்டும். இது போதாதென்று மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்ட சுஜாதாவைப் பெண் எழுத்தாளர் என்றே நம்பிப் புத்தகம் கேட்டு வரும் வாசகிகளும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ‘பார்க்க’ என்னும் குறிப்பட்டை ஒன்று எழுதி நூற்பட்டிப் பெட்டியில் செருகினேன். கையகல அட்டைதான், அது இல்லாவிட்டால் ஓர் எழுத்தாளரின் அரை வாழ்க்கை கண்ணுக்கு மறைந்துவிடும்.

பிறந்த ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் கிடைத்து, அந்த வரிசையில் நூல்களை அடுக்கி முடித்தபோது, அலமாரி நான் எதிர்பாராத ஒரு பாடத்தை எனக்குப் போதித்தது. 1921 என்ற எண்ணின் கீழ் தி. ஜானகிராமனும் லக்ஷ்மியும் தோளோடு தோள் நின்றார்கள். 1931ல் சுந்தர ராமசாமிக்குப் பக்கத்தில் ஆர். சூடாமணி நின்றார். குமுதினி 1905, அடுத்து 1906ல் புதுமைப்பித்தன். நீலகிரிப் படகர்களின் வாழ்வைக் ‘குறிஞ்சித் தே’னாகத் தந்த ராஜம் கிருஷ்ணனும், குமரி மாவட்டத்துப் பனங்காடுகளின் நடுவே ‘புத்தம் வீ’ட்டைக் கட்டிய ஹெப்சிபா ஜேசுதாசனும் 1925ல் ஒன்றாகப் பிறந்தவர்களாக அருகருகே அமைந்தார்கள். ஒரே காலத்தில் பிறந்து, ஒரே பாஷையில், அநேகமாக ஒரே பத்திரிகை உலகத்துக்காக எழுதியவர்கள் இவர்கள். ஆனால் எங்கள் விமரிசனப் பிரிவில் இருந்த நூல்களைப் புரட்டினால், அந்த ஜோடிகளில் ஒருவரைப் பற்றி அத்தியாயங்களும் மற்றவரைப் பற்றி ஒரு வரியும், சில வேளைகளில் அதுவுமின்றியும் இருப்பதைக் கண்டேன். பெண்களின் நூல்களைத் தனி அலமாரியில் வைக்கலாமே என்று நல்லெண்ணத்தோடு யோசனை கூறியவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. தேடி வருவோருக்கு உதவியாகத் தனிப் பட்டியல் ஒன்றை நோட்டில் எழுதி மேஜைமேல் வைத்தேன்; நூல்களையோ பொது வரிசையிலேயே வைத்தேன். அவர்கள் நிற்க வேண்டிய இடம் தம் காலத்தவரின் பக்கத்தில்தான். அங்கே நின்றால்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் வாசகருக்கு எழும்.

அந்த ஒப்புநோக்கையே எங்கள் வாசகர் வட்டத்தின் முறையாக்கினோம். மாதந்தோறும் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், பத்திரிகைப் பிரிவின் நீள மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர், இரண்டு பள்ளி ஆசிரியைகள், நெசவாளர் தெருவிலிருந்து வரும் பெண்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் கூடுவார்கள். ஒரே வருஷத்தில் பிறந்த இருவரின் நூல்களை அடுத்தடுத்த மாதங்களில் எடுத்துக்கொள்வோம். அவரவர் மனத்தில் தைத்த ஒரு பக்கத்தை உரக்க வாசித்த பிறகுதான் அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்பது விதி. கேள்விப்பட்டதை வைத்துப் பேசும் பேச்சு இதனால் நின்றுபோய், படித்ததை வைத்துப் பேசும் பேச்சுக்கு இடமுண்டாயிற்று.

‘புத்தம் வீடு’ 1964ல் வெளியான நாவல். பெரிய வீட்டின் வீழ்ச்சியையும், வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள்ளேயே நிறுத்தப்படும் லிஸி என்னும் பெண், பனையேறிக் குடும்பத்துத் தங்கராஜின் மீது கொண்ட அன்பை நெடுநாள் நெஞ்சுக்குள் காத்து நிற்பதையும் அது சொல்கிறது. குமரி வட்டாரத்துப் பேச்சுமொழி எங்கள் காவிரிக்கரை வாசகர்களுக்கு முதலில் சற்றுச் சிரமமாகவே இருந்தது. தபால் அதிகாரி, “நல்லாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா பெரிசா ஒண்ணும் நடக்கலியே” என்று தொடங்கினார். பாவு ஓட்டும் வேலைக்கு நடுவே வந்திருந்த ஒரு பெண், அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாதவள், நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “வீட்டுக்குள்ள உக்காத்தி வச்சவளுக்கு வெளியில என்னங்க சார் நடக்கும்? நடக்குறதெல்லாம் உள்ளுக்குள்ளதான். எட்டாவதோட என்னையும் நிறுத்துனாங்க. அந்தப் புள்ள சன்னல்ல நிக்கிற எடத்தைப் படிச்சப்போ, இதை எழுதுன அம்மாவுக்கு என்னை எப்படித் தெரியும்னு இருந்துச்சு.” தபால் அதிகாரி சிறிது நேரம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, அவள் குறிப்பிட்ட பக்கம் எது என்று கேட்டு வாங்கி, தாமே அதை உரக்க வாசித்தார். ஒரு நாவலுக்கு அதைவிடச் சிறந்த விமரிசனத்தை நான் எந்த இலக்கியக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

பெண்கள் எழுதுவதெல்லாம் குடும்பக் கதை என்னும் ஆக்ஷேபணை எங்கள் மேஜையிலும் எழாமல் இல்லை. அதற்குச் சமாதானம் தேட நாங்கள் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே தங்கித் தகவல் திரட்டி ‘கரிப்பு மணிகள்’ எழுதியவர், கடலோர மீனவர்களையும் சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களையும் நாவலாக்கியவர், சாகித்திய அகாதெமி விருது பெற்ற முதல் தமிழ்ப் பெண் எழுத்தாளராக 1973ல் ‘வேருக்கு நீ’ருக்காகக் கௌரவிக்கப்பட்டவர், ராஜம் கிருஷ்ணன். ஆனால் இதற்கும் மேலான ஒரு பதிலை ஆசிரியை ஒருவர் சொன்னார். ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ முழுவதும் ஒரு குடும்பத்துக்குள் நடப்பதுதானே. அதை நாம் மனித மனத்தின் ஆழம் என்கிறோம். அதே வீட்டை, அதே சமையலறையை, அங்கேயே உழன்ற ஒருத்தி எழுதினால் மட்டும் குடும்பக் கதை என்று ஏன் ஒதுக்குகிறோம் என்று அவர் கேட்டார். ஜானகிராமனை உயிராய் நேசிக்கும் ஊர் எங்களுடையது. அவர் பெருமையில் ஓர் அணுவும் குறையாமலே அந்தக் கேள்வி அங்கே நின்றது. அடுத்த மாதம் நாங்கள் கிருத்திகாவின் ‘வாசவேச்வர’த்தை எடுத்துக்கொண்டோம், அதுவும் ‘அம்மா வந்தா’ளும் 1966ல் வெளிவந்தவை என்பதைச் சொல்லியே பேச்சைத் தொடங்கினேன். அக்ரகாரத்து ஆசாபாசங்களை அத்தனை துணிவோடு எழுதிய நாவலை அதுவரை கேள்வியே பட்டதில்லை என்று பலரும் வியந்தார்கள்.

ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’ 1991ல் வெளியாயிற்று. இளமையிலேயே விதவையாகி, வைதிகக் கட்டுகளை உதறி, தலைமுடியைக் கத்தரித்து, வேட்டி கட்டி, கீழத்தஞ்சையின் விவசாயக் கூலிகளுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையின் கதை அது. எங்கள் பக்கத்து மண்ணின் கதையாதலால், வட்டத்தில் ஒரு மாணவி தன் பாட்டிக்கு அதை இரவு இரவாக வாசித்துக் காட்டி, கடைசியில் பாட்டியையே கூட்டிவந்துவிட்டாள். நடவுக்கும் அறுப்புக்கும் போய் முதிர்ந்த அந்த அம்மாள், மேஜைமேலிருந்த புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, “மணியம்மா வேட்டி கட்டிக்கிட்டுத்தான் வருவாங்கன்னு எங்காயி சொல்லும்; கதைன்னு நெனைச்சேன். அச்சடிச்சுல்ல வச்சிருக்காங்க!” என்றார். ஏடுகளில் ஏறாமல் வாய்மொழியாக மட்டும் வாழ்ந்த ஒரு பெண்ணின் சரித்திரத்தை, ஊர் ஊராய்ச் சென்று விசாரித்து மற்றொரு பெண் எழுதினார். எழுதியது அதை முதலில் சொன்ன ஜனங்களிடமே திரும்பி வந்து சேர்ந்தது. ரங்கநாதனின் விதி நிறைவேறுவதை அன்று நான் கண்கூடாகக் கண்டேன்.

எங்களுக்கு மிகவும் அண்மையான கண்டெடுப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏழைப் பெண்களின் திருமண உதவிக்காக 1989ல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் தாங்கியது. அதன் மனுப் பாரத்தை நிரப்பிக்கொள்ளப் பெண்களும் அவர்களுடைய தாய்மாரும் நூலகத்துக்கு வருவார்கள். மூவலூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879ல் தமிழின் முதல் நாவலைத் தந்தவர் என்பது எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் 1883ல் பிறந்து, பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்டு, அதை ஒழிக்கப் போராடிய இந்த அம்மையார், அந்த அனுபவத்தையே பொருளாக வைத்து 1936ல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை எழுதி வெளியிட்டார் என்பது, அவர் பெயரை மனுவின் தலைப்பில் எழுதிய ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிற்காலத்து மறுபதிப்பு எங்கள் கிளைக்கு வந்து சேர்ந்ததும், பாரம் நிரப்ப வந்த பெண்களிடம் முதலில் அந்தப் புத்தகத்தைக் காட்டிவிட்டே பேனாவை எடுப்பதென்று வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான நாகூரில், மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி காணாத சித்தி ஜுனைதா பேகம் 1938ல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட, அதற்கு மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரே முன்னுரை வழங்கினார் என்பதையும் வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னேன். நம் ஊரைச் சுற்றிலும் இவ்வளவு நடந்திருக்கிறதா என்ற அவர்களுடைய வியப்பு, மேலும் தேட எனக்கு உற்சாகமளித்தது.

பின்னர் வந்த ஆண்டுகளில் எங்கள் பட்டியல் விரிந்துகொண்டே போயிற்று. 1989ல் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, 1992ல் பாமாவின் ‘கருக்கு’, அம்பையின் சிறுகதைகள், 2004ல் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்று, முன்னோர் எழுதத் துணியாத வாழ்வுகளும், அவர்களுக்கு எழுத வாய்க்காத வாழ்வுகளும் அச்சேறின. இந்த நூல்களை மட்டும் வாசித்துவிட்டு, பெண்கள் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கூறிய இளைஞர்களை நான் அலமாரிக்கு அழைத்துச் சென்று, 1901ல் பிறந்த கோதைநாயகி அம்மாளிலிருந்து ஆண்டுவாரியாக நடத்திக் காட்டுவேன். இடையறாத ஒரு பரம்பரை அங்கே நிற்பதைக் கண்ட பிறகு, எழுத வேண்டுமென்ற ஆசையை மனத்துக்குள் வைத்திருந்த பெண் பிள்ளைகளின் பேச்சிலேயே ஒரு திடம் உண்டானதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். தனக்கு முன்னால் ஒருவருமில்லை என்று நினைப்பவளின் தயக்கம் வேறு. நெடிய வரிசையில் அடுத்தவள் தான் என்று அறிந்தவளின் தைரியம் வேறு.

இப்போது நூலகப் பணிக்கு வரும் இளைய சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் என் விண்ணப்பம் இதுவே. உங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பிறந்தோ வாழ்ந்தோ எழுதிய பெண்கள் யார் யார் என்று விசாரியுங்கள். இயற்பெயரையும் புனைபெயரையும் பிறந்த ஆண்டையும் சிரத்தையோடு குறித்து வையுங்கள். வீட்டுப் பரணில் இருக்கும் பைண்டு செய்த தொகுப்புகளை, அவை காகிதக்காரரிடம் எடைக்குப் போவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். அந்நூல்களை அவர்களுடைய காலத்தவர் நூல்களோடு சேர்த்து வையுங்கள். சேர்த்தே வாசிக்கச் செய்யுங்கள். வாசித்தவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருநாள் மகளிர் தினத்தன்று மேஜைமேல் பரப்பிவைத்து, மறுநாள் உள்ளே எடுத்துவைப்பதால் ஒரு பயனும் விளையாது. மற்றெந்த நூலைப் பற்றியும் பேசுவதுபோல, குறையைக் குறையென்றும் நிறையை நிறையென்றும் எடுத்துச் சொல்லி, தமிழ் நாவலின் கதையைச் சொல்லும்போது இரு பாலாரையும் ஒரே மூச்சில் குறிப்பிடும் வழக்கம் நம் ஊர்களில் நிலைபெற வேண்டும். எழுதியவர்கள் தம் கடமையைச் செய்துவிட்டுப் போனார்கள். அவர்களை வாசகரிடம் கொண்டுசேர்ப்பது நம் கடமை.